ஐந்து சிவப்புப் பூக்கள், ஒன்று மட்டும் முதுகு காட்டி நிற்கிறது: இந்த ஓவியத்தை எப்படிப் படிப்பது?

#1 நீலப்பின்புலம்

ஓவியத்தின் விவரம்: 60 செ.மீ. சதுர கேன்வாஸ், அக்ரிலிக். பின்புலம் முழுக்க ஒரே அடர்நீலம். அது வானமா, சுவரா, தண்ணீரா என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. ஐந்து சிவப்புப் பூக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏழு இதழ், நடுவில் தடித்த மஞ்சள் வட்டம், சுற்றிலும் கறுப்புக் கோடு. தண்டுகள் செங்குத்தாக, இணையாக இறங்கிக் கீழ் விளிம்பில் வெட்டுப்படுகின்றன. பூச்சாடி இல்லை, நிழல் இல்லை. இலைகள் தண்டுகளின் இடப்பக்கம் மட்டும். இடமிருந்து நான்காவது பூ திரும்பி நிற்கிறது. அதன் பச்சைப் புல்லி இதழ்கள் நமக்குத் தெரிகின்றன. கையொப்பம் உண்டு, தலைப்பு இல்லை. வரைந்தவர் எதையும் எழுதி வைக்கவில்லை.

இதனுடன் வைக்க ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். இதுவரை மூன்று விளக்கங்கள் வந்திருக்கின்றன. சிவப்பு என்றால் காதல், ஆகவே இது காதல் ஓவியம் என்பது ஒன்று. திரும்பிய பூ தனிமையைக் காட்டுகிறது என்பது இன்னொன்று. வெறும் அலங்காரம், பொருள் தேடவே வேண்டாம் என்பது மூன்றாவது. இவற்றில் எதை ஆதாரத்தோடு எழுத முடியும்?

#2 கரிக்கோல்

மூன்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். பாணியாக்கி வரைந்த பூவைப் படிக்க, நிஜப் பூவிலிருந்து வரைந்தவர் எங்கெங்கே விலகியிருக்கிறார் என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. ஒவ்வொரு விலகலும் யாரோ ஒருவர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு. அந்த முடிவுகளைச் சேகரித்த பிறகுதான் விளக்கம் பேச வேண்டும்.

முதலில் ஓவியத்துக்கு நேர் எதிரே நின்று, கேமராவை அதன் மையத்துக்குச் சம உயரத்தில் பிடித்துப் படம் எடுங்கள். ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாளை ஒட்டி, வெளிக்கோடுகளை மட்டும் பென்சிலால் எடுங்கள். வண்ணம் போனதும் அமைப்பு தெரிந்துவிடும். கண் தாண்டிப் போகும் இடத்தில் கை நிற்கும்; நான்காம் இதழ் மட்டும் ஒல்லியாக இருப்பது போன்றவை டிரேஸ் எடுக்கும்போதுதான் பிடிபடும்.

அடுத்து அசல் ஓவியத்தில் அளவெடுங்கள். அளவுகோலைப் பரப்பின் மேல் வைக்காதீர்கள், சற்றே தள்ளிப் பிடியுங்கள். பூவின் விட்டம், மஞ்சள் வட்டத்தின் விட்டம், தண்டுக்கும் தண்டுக்கும் இடைவெளி, விளிம்பிலிருந்து முதல் தண்டுக்கும் கடைசித் தண்டுக்கும் உள்ள தூரம், ஒவ்வொரு பூவின் உயரம். ஐந்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். "எல்லாம் ஒரே அளவு" என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம்.

கறுப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் ஈயப் பட்டை ஓடுவது போல ஒரே தடிமனில் ஓடினால், பூ ஒரு தட்டையான வடிவமாக அடைபட்டு நிற்கும். தடித்தும் மெலிந்தும் ஓடினால் அங்கே கை தெரிகிறது. தடிமன் கூடும் பக்கம் எடையும் நிழலும் வந்துவிடும். கோடு எங்கேயாவது மூடாமல் விட்டிருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பின்புலம் பூவுக்குள் நுழைகிறது.

#3 புல்லிவட்டம்

தாவரப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஏழு இதழ் என்பதே பெரிய தடயம். லில்லி, ஐரிஸ் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் பூவின் உறுப்புகள் மூன்றின் மடங்கில் வரும். இருவித்திலையில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. ஏழு இதழ்களை வழக்கமாக வைத்திருக்கும் பூக்கள் மிகச் சில. சூரியகாந்தி, ஜெர்பெரா வகையில் நாம் இதழ் என்று எண்ணுவது ஒவ்வொன்றும் தனிப் பூ. அங்கே எண்ணிக்கை ஏழைவிடப் பல மடங்கு போகும். ஆகவே இது என்ன செடி என்று தேடுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஏழு இங்கே வரைபவரின் தேர்வு.

ஏன் ஏழு? இரட்டைப்படையில் ஒவ்வோர் இதழுக்கும் நேர் எதிரே இன்னோர் இதழ் வரும். பூ சிலுவை போலவோ சக்கரம் போலவோ விறைத்து நிற்கும். ஒற்றைப்படையில் இதழுக்கு எதிரே இடைவெளி வரும், அதனால் வடிவம் லேசாகச் சுழல்கிற மாதிரி தெரியும். ஐந்து என்றால் நட்சத்திரம் நினைவுக்கு வரும். ஏழில் அதுவும் கிடையாது. எல்லாப் பூவிலும் இதழ் ஒரே கோணத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மேல்நோக்கி ஓர் இதழ் ஐந்திலும் சரியாக நிற்கிறது என்றால் அச்சு குத்திய மாதிரி திரும்பச் செய்திருக்கிறார். கோணம் மாறினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே யோசித்திருக்கிறார்.

நான்காவது பூவில் புல்லி இதழ் எத்தனை, அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை அவசியம் எண்ணிச் சொல்லுங்கள். நிஜப் பூவில் பொதுவாகப் புல்லி இதழ்கள் வண்ண இதழ்களின் இடைவெளிக்கு நேராக வரும், இதழின் நடுமுதுகில் வராது. நினைவிலிருந்து வரைபவர்கள் பெரும்பாலும் இதழின் நடுவில் போட்டுவிடுவார்கள்.

#4 எதிர்க்கேள்வி

சிவப்புக்குக் காதல் என்பதை ஏன் அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டும்? பூவுக்கும் உணர்வுக்கும் முடிச்சுப் போட்ட மரபுகள் எவ்வளவோ இருக்கின்றன. நம் திணை மரபிலேயே குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் இருத்தல், நெய்தல் என்றால் இரங்கல்.

#5 பொன்தாள்

அந்த முடிச்சைப் பாடியவரும் கேட்டவரும் ஒன்றாக அறிந்திருந்தார்கள், அதனால் வேலை செய்தது. பகிர்ந்துகொண்ட குறியீடு இருந்தால் பூ பேசும். 16-ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரில் செய்த ஒட்டோமான் சுவர் ஓடுகளில் துலிப் பூ திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: அரபு எழுத்தில் "லாலே" என்ற துலிப்பின் பெயரும் "அல்லாஹ்" என்ற பெயரும் ஒரே எழுத்துகளால் ஆனவை, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டினால் இரண்டுக்கும் 66. அதை அறிந்த கண்ணுக்கு அந்தத் துலிப் வேறு பூ. மாறாக 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெளிவந்த பூமொழிக் கையேடுகளை எடுத்தால், ஒரே பூவுக்குக் கையேட்டுக்குக் கையேடு பொருள் மாறும். அவற்றை வைத்து எந்த ஓவியத்தையும் எப்படியும் விளக்கிவிடலாம். அதுதான் சிக்கல்.

ஒரு குறியீட்டை ஏற்க மூன்று சோதனைகள் வைக்கலாம். வரைந்தவருக்கு அந்தக் குறியீடு தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா? இடம், அளவு, திரும்பத் திரும்ப வருதல் என்று ஏதோ ஒரு வகையில் ஓவியம் அதை முன்னே தள்ளுகிறதா? அந்தப் பொருளை எடுத்துவிட்டால் ஓவியத்தில் ஏதாவது விளங்காமல் போகிறதா? இங்கே "காதல்" மூன்றாவது சோதனையில் விழுந்துவிடுகிறது. நீலத்தின் மேல் சிவப்பு முன்னே தாவி வரும், கண்ணை இழுக்கும். காதலைச் சேர்க்காமலேயே சிவப்பின் வேலை முடிந்துவிட்டது.

சிலவற்றை வரையாமல் விட்டுவிடுதல் எப்படிப் பொருளாகிறது என்பதற்கு ஜப்பானிய ஓவியர் ஒகாட்டா கோரினின் ஐரிஸ் திரைகளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் இருப்பவை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், ஆறு மடிப்பு கொண்ட இரண்டு திரைகள். தங்கத் தாள் ஒட்டிய பரப்பில் அசுரைட் நீலமும் மலக்கைட் பச்சையும், அவ்வளவுதான். நீர் இல்லை, கரை இல்லை, அடிவானம் இல்லை. சில செடிக் கொத்துகள் அச்சுத்தாள் வைத்து எடுத்தது போல அப்படியே மறுபடி வருகின்றன. ஆனால் ஜப்பானிய வாசகருக்கு இது ஒரு பழங்கதையின் காட்சி: ஊரைவிட்டுத் தொலைதூரம் போகும் ஒருவன் எட்டுப் பலகைப் பாலத்தருகே ஐரிஸ் பூத்திருப்பதைப் பார்த்து, விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாட்டுக் கட்டுகிறான். பாட்டின் ஐந்து அடிகளின் முதல் அசைகளைச் சேர்த்தால் ககிட்சுபட்டா, அதாவது அந்தப் பூவின் பெயர். நெசு திரையில் அவனும் இல்லை, பாலமும் இல்லை. கதை தெரிந்தவர் பாலத்தைத் தானே போட்டுக்கொள்கிறார். பின்னாளில் அதே கோரின் பாலத்தோடு வரைந்த இன்னொரு ஜோடி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலம் வந்ததும் கண் அதில் ஏறி நடக்கத் தொடங்கிவிடுகிறது. பாலம் இல்லாத திரையில் பூக்களின் ஏற்ற இறக்கமே நடையாகிறது.

உங்கள் ஓவியத்துக்கு அப்படிப் பொதுக் கதை எதுவும் கைவசம் இல்லை. அதனால் "என்ன விடுபட்டது" என்பதற்கு விடையைக் கேன்வாஸுக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

#6 சாய்வொளி

விளக்கம் எழுதும் முன் பொருளைச் சோதிக்க வேண்டும். வரைந்தவர் செய்ததையும் காலம் செய்ததையும் குழப்பிக்கொண்டால் முழுக் குறிப்பும் வீண்.

வான் கோ 1890 மே மாதம் பிரான்ஸின் சென்-ரெமி ஊரை விட்டுக் கிளம்பும் முன் வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாக இருக்கின்றன. வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் எயோசின் சார்ந்தது, வெளிச்சத்தில் வெளிறிவிடும். அதே வாரங்களில் வரைந்த ஐரிஸ்களில் ஊதா நீலமாகிவிட்டது. வெள்ளை ரோஜாவைப் பார்த்துத் தூய்மை, மரணம் என்று எழுதினால் சாயத்தின் பலவீனத்துக்கு உரை எழுதியதாகத்தான் முடியும். பழைய டச்சுப் பூ ஓவியங்களில் சில இலைகள் நீலமாக இருப்பதும் இப்படித்தான். நீலத்தின் மேல் மஞ்சள் சாயம் பூசிப் பச்சை வரவழைத்தார்கள். மஞ்சள் மறைந்துவிட்டது, நீலம் தங்கிவிட்டது.

உங்களுடையது அக்ரிலிக் என்பதால் கவலை குறைவு, ஆனாலும் செய்ய வேண்டியவை:

சட்டம் போட்டிருந்தால் கழற்றி, சட்டத்தின் உதடு மூடியிருந்த ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்தப் பட்டையில் நீலம் அடர்த்தியாக இருந்தால் மற்ற இடம் வெளிறியிருக்கிறது. கேன்வாஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். அம்புக்குறி, தேதி, எது மேல்பக்கம் என்ற குறிப்பு ஏதாவது இருக்கலாம்.

அறையை இருட்டாக்கி, ஒரு எல்.இ.டி. விளக்கைக் கேன்வாஸின் பக்கவாட்டில், பரப்போடு 10 முதல் 15 பாகை சாய்வில் பிடியுங்கள். தூரிகை விட்ட மேடுகள் எல்லாம் நிழல் போட்டு எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமும் மாற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் தெரியாத மேடு இன்னொரு பக்கம் தெரியும். கவனிக்க வேண்டியது அடுக்கு வரிசை: நீலத்தின் மேல் பூ வந்ததா, பூவை முடித்துவிட்டுச் சுற்றி நீலம் நிரப்பினாரா? இரண்டாவது என்றால் பூவின் இறுதி வடிவத்தை வெட்டித் தீர்மானித்தது நீலம்தான். நீலத்துக்கு அடியில் வேறு மேடுகள் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஈரத் துணி, ஸ்பிரிட் எதையும் பரப்பில் வைக்காதீர்கள். அக்ரிலிக் படலம் மென்மையானது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். தேய்த்தால் பளபளப்பு இடத்துக்கு இடம் மாறிவிடும்.

#7 நீலப்பின்புலம்

எல்லாம் பார்த்தாயிற்று. முடிவுகள்:

தண்டுகளுக்கு இடையே 11 செ.மீ., நான்கு இடைவெளியும் சமம். இரு ஓரங்களிலும் 8 செ.மீ. பூவின் விட்டம் 9 செ.மீ., மஞ்சள் வட்டம் 3 செ.மீ. நான்காவது பூ மற்றவற்றைவிட 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

கறுப்புக் கோடு ஒரே தடிமன், எங்கும் மூடியிருக்கிறது. நான்காவது பூவின் காம்பு புல்லியைத் தொடும் இடத்தில் மட்டும் கோடு இல்லை, பச்சை நேராக நீலத்தில் முடிகிறது.

முன்பக்கம் காட்டும் நான்கு பூவிலும் ஓர் இதழ் நேர் மேல்நோக்கி நிற்கிறது. திரும்பிய பூவில் மேலே இடைவெளிதான். புல்லி இதழ் ஐந்து. அவை இதழ்களுக்கு இடையில் விழுகின்றன, ஆனால் ஏழு இடைவெளியில் ஐந்துக்குத்தான் புல்லி இருக்கிறது.

சாய்வு வெளிச்சத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தண்டுகளின் வலப்பக்கம் நீலத்துக்கு அடியில் இலை வடிவ மேடுகள். நான்காவது பூவில் பச்சைக்கு அடியில் ஒரு வட்ட மேடு.

ஓரத்திலும் நடுவிலும் நீலம் ஒரே அடர்த்தி. பின்பக்கம் எந்தக் குறிப்பும் இல்லை.

#8 சாய்வொளி

அந்த வட்ட மேட்டின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள். பழைய கேன்வாஸை மறுபடி பயன்படுத்தியிருந்தால் வேறு ஓவியத்தின் மேடாகவும் இருக்கலாம். மற்ற மஞ்சள் வட்டங்களின் அளவும் உயரமும் பொருந்தினால்தான் இதே ஓவியத்தின் முந்தைய நிலை என்று சொல்ல முடியும்.

#9 நீலப்பின்புலம்

மேடு 3 செ.மீ. மையம் மற்ற நான்கு பூக்களின் மையத்தோடு ஒரே கோட்டில் இருக்கிறது, அதாவது இப்போதைய பூவின் மையத்துக்கு 2 செ.மீ. கீழே.

#10 சாய்வொளி

அப்படியானால் நிச்சயமாகச் சொல்லலாம். முதலில் ஐந்தும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஒரே உயரத்தில், இரு பக்கமும் இலையோடு. பிறகு நான்காவதைத் திருப்பி, உயர்த்தி, வலப்பக்க இலைகளை நீலத்தால் மூடியிருக்கிறார். எந்தத் திருத்தம் முதலில் வந்தது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குறிப்பில் அந்த வரிசையை எழுதாதீர்கள்.

#11 புல்லிவட்டம்

ஐந்து புல்லி, அதுவும் இதழ் இடைவெளியில்! இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிடும். அப்போது புல்லி ஐந்தாகவே இருக்க, இதழ் எண்ணிக்கை மட்டும் கூடும். அடுக்கு ரோஜாவில் இதைப் பார்க்கலாம். ஆகவே ஐந்து புல்லி, ஏழு இதழ் என்பது இயற்கையில் நடக்காத சேர்க்கை அல்ல. ஆனால் அப்படிக் கூடிய இதழ்கள் உள்ளே, சிறியதாக, கோணலாக வரும். இங்கே ஏழும் ஒரே அளவில் ஒரே வட்டத்தில் நிற்கின்றன. அதனால் இந்த ஏழு வரைந்தவரின் கற்பனை, ஐந்து புல்லி நேரில் பார்த்தது என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். முகம் காட்டும் நான்கு பூக்களும் எந்தச் செடியையும் பார்த்து வரைந்தவை அல்ல. முதுகு காட்டும் பூவின் முதுகு மட்டும் ஒரு நிஜப் பூவைத் திருப்பிப் பார்த்து வரைந்தது. காம்பு சேரும் இடத்தில் கறுப்புக் கோடு விட்டுப்போனதும் அதே சதுர அங்குலத்தில்தான். ஓவியம் முழுக்கப் பாணி, அந்த ஓரிடத்தில் மட்டும் கவனிப்பு. தனிமை, காதல் எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கற்பனையும் கவனிப்பும் ஒரே பூவில் சேர்வது புதிதல்ல. தாஜ்மஹாலின் சலவைக்கல் சுவர்களின் கீழ்ப்பகுதியில் செதுக்கிய செடிகளைப் பாருங்கள். இலையின் மடிப்பும் மொட்டின் கனமும் உயிரோடு இருக்கும்; ஆனால் செடி நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக நிற்கும், பல பூக்களை இன்னதென்று பெயர் சொல்லவும் முடியாது.

#12 எதிர்க்கேள்வி

காதலை விட்டுவிடுகிறேன். ஆனால் "அலங்காரம்" என்று சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறதே. சம இடைவெளி, சம அளவு, தட்டை வண்ணம். இது துணி டிசைன் மாதிரிதானே?

#13 கரிக்கோல்

அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. படத்தைப் போனிலேயே நான்கு பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுங்கள். தொடர் வடிவமைப்பாக இருந்தால் சேருமிடம் தெரியாமல் ஓடும். இங்கே தண்டுக்கு இடையே 11 செ.மீ., ஆனால் ஓரத்தில் 8. ஒட்டினால் சேருமிடத்தில் 16 செ.மீ. இடைவெளி திறந்துகொள்ளும், வரிசை உடையும். பக்கவாட்டில் இது நின்றுவிடுகிற ஓவியம். கீழே மட்டும் நிற்கவில்லை. தண்டுகள் விளிம்பைத் தாண்டிப் போகின்றன. எங்கிருந்து முளைத்தன என்பதைக் காட்ட மறுக்கிறார்.

சதுர வடிவத்தையும் கணக்கில் எடுங்கள். அகலவாக்கில் என்றால் நிலக்காட்சி நினைவுக்கு வரும், உயரவாக்கில் என்றால் ஆள் உருவம். சதுரம் இரண்டையும் மறுக்கும். அமெரிக்க ஓவியர் வார்ஹோல் 1964-இல் செய்த பூப் படங்கள் சதுரம் என்பதால் எந்தப் பக்கம் வைத்தும் மாட்டலாம். அவை ஒரு பத்திரிகையில் வந்த செம்பருத்திப் புகைப்படத்திலிருந்து எடுத்தவை. விவரத்தை எல்லாம் அழித்துத் தட்டையாக்கியதில், பார்த்தவர்கள் வேறு வேறு பூப் பெயர் சொன்னார்கள். கிளிம்ட்டின் 1907 சூரியகாந்தியும் சதுரம்தான், 110 செ.மீ. ஆனால் அங்கே ஒற்றைச் செடி நடுவில் எழுந்து அங்கி போர்த்திய ஆள் போல நிற்கிறது. அலங்காரம் என்று சொல்லி அதை யாரும் கடந்து போவதில்லை. உங்கள் ஓவியத்தில் தண்டுகள்தான் சதுரத்துக்கு மேல், கீழ் என்ற திசையைக் கொடுக்கின்றன.

அலங்காரமா, பொருளா என்று இரண்டாகப் பிரிப்பதே தவறான தொடக்கம் என்பது என் கருத்து. ஒழுங்கு இருந்தால்தான் அதை மீறுவது கண்ணில் படும். நான்கு சமமான பூக்கள் இல்லாவிட்டால் அந்த ஒன்று திரும்பியது யாருக்குத் தெரியும்?

#14 எதிர்க்கேள்வி

சரி, அப்படித் திரும்பிய ஒன்று தனிமைதானே?

#15 கரிக்கோல்

தனிமை என்று சொல்ல ஓவியத்தில் வேறு என்ன கேட்கிறது என்று பாருங்கள். இடைவெளி கூட வேண்டும், அல்லது வண்ணம் மங்க வேண்டும், தலை தாழ வேண்டும். அளவு வேறு மாதிரி சொல்கிறது: இடைவெளி அதே 11, வண்ணம் அதே சிவப்பு, தலை 2 செ.மீ. உயர்ந்திருக்கிறது. தனிமைக்குச் சாட்சி இல்லை.

ஒரு தாளை வெட்டி நான்காவது பூவை மறைத்துப் பாருங்கள். மிச்சம் நான்கும் நீலத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தட்டையாகிவிடும். தாளை எடுத்ததும் நீலத்துக்கு ஆழம் வருகிறது, ஏனென்றால் ஒரு பூ அதற்குள் பார்க்கிறது. நிழலோ தொலைவோ காட்டாத ஓவியத்தில், பின்னால் ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லும் ஒரே உறுப்பு அதுதான். காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்த, மூடுபனிக்கு மேல் முதுகு காட்டி நிற்கும் பயணியின் படத்தில் நடப்பதும் இதுவே. முதுகைப் பார்த்ததும் நாம் அவர் பார்க்கும் திசையில் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

நடுவில், அதாவது மூன்றாவதைத் திருப்பியிருந்தால் அது தலைப்புச் செய்தியாகியிருக்கும். ஐந்தாவதைத் திருப்பியிருந்தால் வெளியேறுவது போல இருக்கும். நான்காவது என்பதால், இடமிருந்து வலமாகப் போகும் கண் மூன்று பூவைக் கடந்து, இனி எல்லாம் இப்படித்தான் என்று பழகிய பிறகு அதைச் சந்திக்கிறது. அதன் பிறகு ஒன்று மறுபடி முகம் காட்டி வரிசையை மூடுகிறது.

#16 பொன்தாள்

இலைகளையும் இதோடு சேர்க்க வேண்டும். வலப்பக்க இலையை மூடியதால் எல்லா இலை நுனியும் இடப்பக்கம் நோக்குகின்றன, அதாவது கண் ஓடும் திசைக்கு எதிராக. ஒவ்வொரு தண்டிலும் பார்வை சற்றுத் தடைபட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது. இரு பக்கமும் இலை இருந்தால் இந்தத் தடை இருந்திருக்காது.

#17 எதிர்க்கேள்வி

வரைந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டால் இவ்வளவும் தேவையில்லையே?

#18 பொன்தாள்

கேட்க முடிந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் பதிலை ஒரு சாட்சியமாக வையுங்கள், தீர்ப்பாக அல்ல. ஜார்ஜியா ஓ'கீஃப் பூக்களைப் பெரிதாக்கி, விளிம்புவரை நிரப்பி வரைந்தார். 1926-இன் கறுப்பு ஐரிஸ் 91 செ.மீ. உயரம். விமர்சகர்கள் அதில் பெண்ணுடலைப் படித்தார்கள். அவர் தொடர்ந்து மறுத்தார். 1939-இல் எழுதிய குறிப்பில், பார்ப்பவர்கள் பூவைப் பற்றிய தங்கள் எண்ணங்களைத் தன் பூவின் மேல் மாட்டிவிடுகிறார்கள் என்ற பொருளில் சொன்னார். அவருடைய மறுப்புக்கு மதிப்பு உண்டு. அவசரமாகப் போகிறவர்களும் நின்று பார்க்கட்டும் என்றே பெரிதாக வரைந்ததாக அவர் சொன்ன காரணம், அளவையும் பூ விளிம்புவரை நிரம்புவதையும் நேராக விளக்குகிறது. மறுப்பு என்பதாலேயே மற்ற வாசிப்புகள் செல்லாமல் போய்விடாது. ஆனால் அவற்றை வைப்பவர் ஓவியத்துக்குள்ளிருந்து ஆதாரம் காட்டியாக வேண்டும்.

இங்கே திருத்தத் தடம் இருக்கிறது. பேச்சைவிட அது உறுதியான சாட்சி.

#19 நீலப்பின்புலம்

குறிப்பின் முதல் பத்தியை இப்படி வைக்கலாமா?

"நீலத்தின் மேல் ஐந்து சிவப்புப் பூக்கள். நான்கு நம்மைப் பார்க்கின்றன. எந்தச் செடியிலும் காணாத ஏழு சம இதழ்களோடு, ஒரே அளவில், ஒரே கோணத்தில். நான்காவது இடத்தில் நிற்கும் பூ திரும்பியிருக்கிறது. அதன் புல்லி இதழ்கள் மட்டும் நிஜப் பூவில் இருப்பது போல ஐந்து. பரப்புக்கு அடியில் இருக்கும் மேடு, இந்தப் பூவும் முதலில் நம்மைப் பார்த்தே இருந்ததைக் காட்டுகிறது. ஓவியர் தன் மனத்தின் ஆழ்ந்த ஏக்கத்தை இந்தத் திருப்பத்தில் வடித்திருக்கிறார். அந்தப் பூவை மறைத்துப் பார்த்தால் நீலம் வெறும் வண்ணமாகிவிடுகிறது."

#20 கரிக்கோல்

"ஆழ்ந்த ஏக்கத்தை" வாக்கியத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். மற்ற வாக்கியங்கள் எல்லாம் பார்ப்பவர் நின்று சரிபார்க்கக் கூடியவை, இது ஒன்றுதான் முடியாதது. அந்த இடத்தில் உயரத்தைச் சேருங்கள்: "திருப்பியபோதே அதை 2 செ.மீ. உயர்த்தியும் இருக்கிறார்."

#21 சாய்வொளி

"திருப்பியபோதே" வேண்டாம். திருப்பியதும் உயர்த்தியதும் ஒரே வேளையில் நடந்ததா என்று தெரியாது. "திருப்பியதோடு உயர்த்தியும் இருக்கிறார்" போதும்.

#22 புல்லிவட்டம்

"எந்தச் செடியிலும் காணாத ஏழு" என்பதும் அதிகம். ஏழு இதழ்ப் பூ அரிதாக உண்டு என்று மேலே சொல்லியிருக்கிறேன். "அரிதாகவே காணும் ஏழு இதழ்களோடு" என்று மாற்றுங்கள். "நிஜப் பூவில் இருப்பது போல" என்பதை "பல நிஜப் பூக்களில் இருப்பது போல" என்று வையுங்கள். புல்லி இதழ்கள் இடைவெளியில் உட்கார்ந்திருப்பதையும் சேருங்கள். குறிப்பைப் படித்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்புகிறவர் கண் போய் நிற்க வேண்டிய இடம் அது. கோடு விட்டுப்போன காம்பை இரண்டாம் பத்தியின் முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.

#23 நீலப்பின்புலம்

நான்கு மாற்றங்களும் சேர்த்தாயிற்று. இரண்டாம் பத்தி கோட்டில் தொடங்கி இலைகளுக்குப் போகிறது. வலப்பக்கம் மூடிய இலைகளைச் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் குறிப்பின் பக்கத்திலேயே 10 செ.மீ. அளவில் வைக்கப் போகிறேன்.